ஹெலன் என்றொரு தாய்

விக்டோரிய நாவல்களில் தாய்மார்கள் அதிகநாள் உயிரோடு இருப்பதில்லை. ஜேன் ஐயர் கதை தொடங்கும்போதே தாயற்றவள். 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலின் பிப் தன் தாயைக் கல்லறையில் பொறித்த எழுத்துகளாக மட்டுமே அறிந்தவன். டேவிட் காப்பர்ஃபீல்டின் தாய் அவன் சிறுவனாக இருக்கும்போதே போய்விடுகிறாள். நாவலாசிரியர்களுக்கு இது வசதியான ஏற்பாடு. தாய் அருகிலிருந்தால் குழந்தைக்குக் கதை நிகழ்வது கடினம். உயிரோடு விட்டுவைக்கப்பட்ட தாய்மார்களும் பெரும்பாலும் நம்மைச் சிரிக்க வைப்பதற்காகவோ உருக வைப்பதற்காகவோ வருகிறார்கள்.

இந்த வரிசையில் எங்கும் பொருந்தாத தாய் ஒருத்தி உண்டு. ஆன் பிராண்ட்டி எழுதி 1848 ஜூனில் மூன்று தொகுதிகளாக வெளிவந்த 'தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்' நாவலின் ஹெலன். பிராண்ட்டி சகோதரிகளில் இளையவரான ஆன் எழுதியவை இரண்டே நாவல்கள், இது இரண்டாவது. சிதிலமடைந்த ஒரு மாளிகையில் சில அறைகளைச் செப்பனிட்டுக்கொண்டு, ஒரு சிறுவனோடும் ஒரு வயதான பணிப்பெண்ணோடும் குடிவருகிறாள் ஓர் இளம்பெண். கறுப்பு உடை அணிந்திருக்கிறாள். விதவை என்று ஊர் எண்ணிக்கொள்கிறது. திருமதி கிரகாம் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறாள். படம் வரைந்து விற்றுப் பிழைக்கிறாள்.

முதல் வாசிப்பில் எனக்கு இவளைப் பிடிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இறுக்கமானவள், உபதேசிப்பவள், மகனைக் கைப்பிடிக்குள்ளேயே வைத்து மூச்சுத் திணறச் செய்பவள் என்றே தோன்றியது. பல ஆண்டுகள் கழித்து, அவள் காலத்துச் சட்ட வரலாற்றைக் கொஞ்சம் படித்த பிறகு மீண்டும் நாவலுக்குள் போனபோது, நான் அவளது குணம் என்று எண்ணியிருந்தவற்றில் பாதி குணமே அல்ல என்பது புரிந்தது. மற்றப் பாதி இன்னும் புரியவில்லை. அந்த இரண்டு பாதிகளைப் பற்றியும்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

*

இரண்டு காட்சிகளிலிருந்து தொடங்கலாம்.

முதலாவது, மாளிகையின் மதில். கதையின் பெரும்பகுதியைச் சொல்லும் கில்பர்ட் மார்க்கம் என்ற இளம் விவசாயி அந்தப் பக்கமாக வருகிறான். மதில் மேல் ஏறிய சிறுவன் ஆர்தர், கீழே நிற்கும் நாயைப் பார்க்கும் ஆவலில் சரிய, அவன் உடை செர்ரி மரத்தில் சிக்கிக்கொள்கிறது. விழப்போனவனைக் கில்பர்ட் தாங்கிப் பிடிக்கிறான். உள்ளேயிருந்து ஓடிவரும் தாய் நன்றி சொல்லவில்லை. முகம் வெளிறி, அந்த மனிதன் தொட்டதே தீட்டு என்பதுபோலக் குழந்தையைப் பிடுங்கிக்கொள்கிறாள். நடந்ததை அறிந்தபின் மன்னிப்புக் கேட்கிறாள். ஆனால் அந்த முதல் கணத்தின் மூர்க்கம் வாசகன் மனதில் தங்கிவிடுகிறது.

இரண்டாவது, மார்க்கம் வீட்டு வரவேற்பறை. மரியாதை நிமித்தம் வந்த ஹெலனுக்குக் கில்பர்ட்டின் தாய் ஒயினும் கேக்கும் கொடுக்கிறார். சிறுவன் ஒயினைக் கண்டதும் அருவருத்துச் சுருங்குகிறான். ஹெலன் சாதாரணமாக விளக்குகிறாள்: உடம்பு சரியில்லாதபோதெல்லாம் மருந்துபோல அவனுக்குக் கொஞ்சம் ஒயினோ நீர்த்த சாராயமோ கொடுத்து வந்தேன், அவன் அதை வெறுக்கும்படிச் செய்ய என்னால் முடிந்ததையெல்லாம் செய்தேன் என்று. எல்லோரும் சிரிக்கிறார்கள். பையனைக் கோழையாக வளர்த்துவிடுவாய் என்று மூத்த திருமதி மார்க்கம் எச்சரிக்கிறார். தொடர்ந்து நடக்கும் விவாதம் நாவலின் மிகக் கூர்மையான பகுதிகளுள் ஒன்று. சோதனைகளைச் சந்தித்தால்தான் ஆண்பிள்ளைக்கு ஒழுக்கம் உறுதிப்படும் என்கிறான் கில்பர்ட். அப்படியானால் பெண்ணுக்கும் அதே சோதனைகளைத் தருவீர்களா என்று திருப்பிக் கேட்கிறாள் ஹெலன். ஆணுக்கு அனுபவம், பெண்ணுக்கு அறியாமை என்ற பங்கீடு எங்கிருந்து வந்தது? கில்பர்ட்டிடம் நல்ல பதில் இல்லை. ஆனால் அதே மூச்சில், உலகம் தெரிந்த மனிதன் என்று பெயரெடுக்கும் ஒருவனாக என் மகன் வளர்வானென்றால் அவன் நாளையே இறந்துபோவது மேல் என்ற பொருளிலும் அவள் பேசுகிறாள். நியாயமான வாதம் ஒன்றைக் கேட்டுத் தலையசைத்துக்கொண்டிருந்த நாம் இங்கே திடுக்கிடுகிறோம். எந்தத் தாய் இப்படிப் பேசுவாள்?

*

நாவலின் நடுப்பகுதி ஹெலனின் நாட்குறிப்பு. அது 1821 ஜூனில் தொடங்குகிறது. அப்போது அவளுக்குப் பதினெட்டு வயது. அழகும் பேச்சுத்திறனும் உள்ள ஆர்தர் ஹண்டிங்டனை, வளர்த்தவர்களின் எச்சரிக்கையை மீறி அவ்வாண்டின் இறுதியில் மணக்கிறாள். அடுத்த ஆண்டு மகன் பிறக்கிறான். குடியும் கும்மாளமும் பிற பெண்களின் உறவுமாகக் கணவன் சீரழிகிறான். அவள் வெளியேற நினைக்கத் தூண்டியது அவளுக்கு இழைக்கப்பட்ட கொடுமை அல்ல; அதை அவள் சகித்துக்கொள்கிறாள். மகனுக்கு நடப்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. நான்கு வயதுக் குழந்தையை மேசைக்கு அழைத்து, அப்பனும் அவன் கூட்டாளிகளும் ஒயின் குடிக்கவும் வசவு பேசவும் அம்மாவை எதிர்த்து நிற்கவும் பழக்குகிறார்கள். குழந்தைக்கு அது விளையாட்டு. அப்பா சிரிக்கிறார், எல்லோரும் கைதட்டுகிறார்கள், அம்மா மட்டும் அழுகிறாள்.

அவள் தப்பிச்செல்லத் திட்டமிடுவதை நாட்குறிப்பின் வழியே கணவன் அறிந்துவிடுகிறான். படம் விற்று வாழலாம் என்றிருந்தவளின் வண்ணங்களையும் தூரிகைகளையும் நெருப்பில் போடுகிறான். பணத்தையும் நகைகளையும் பறிக்கிறான். பிறகு மகனுக்கு ஆசிரியை என்ற பெயரில் தன் ஆசைநாயகியையே வீட்டுக்குள் கொண்டுவருகிறான். 1827 அக்டோபரில், அதிகாலை இருட்டில், பணிப்பெண் ராக்கேலோடும் மகனோடும் ஹெலன் வீட்டைவிட்டு வெளியேறுகிறாள்.

இன்றைய வாசகனுக்கு இது துணிச்சலான ஒரு பெண்ணின் கதை. 1827இல் அது என்னவாக இருந்தது என்பதற்குச் சட்டத்தைப் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தின் பொதுச்சட்டத்தின்படி மணமான பெண்ணுக்குத் தனியாகச் சட்ட இருப்பு கிடையாது. அவள் ஈட்டும் பணம் கணவனுடையது. முறையான மணத்தில் பிறந்த குழந்தை முழுமையாகத் தகப்பனுடையது. 1804இல் நடந்த டி மான்வில் வழக்கு இதற்கு எல்லைக்கல். கணவனின் கொடுமை தாளாமல் பிரிந்து வாழ்ந்த ஒருத்தியின் எட்டு மாதக் குழந்தையை, தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்த நிலையிலேயே தகப்பன் பறித்துச் சென்றான். அவள் நீதிமன்றத்தை நாடினாள். தலைமை நீதிபதி எல்லன்பரோ பிரபு, குழந்தையின் மீது தகப்பனுக்கே உரிமை என்று தீர்ப்பளித்தார். எட்டு மாதக் குழந்தைக்கே இதுதான் சட்டம் என்றால் ஐந்து வயது ஆர்தருக்கு வேறென்ன இருந்திருக்கும்?

இந்தச் சட்டத்தை அசைத்தவர் கரோலின் நார்ட்டன் என்ற எழுத்தாளர். 1836இல் அவர் கணவர் ஜார்ஜ் நார்ட்டன், தன் மனைவியோடு தகாத உறவு கொண்டதாகப் பிரதமர் மெல்பர்ன் பிரபு மீதே வழக்குத் தொடுத்துத் தோற்றார். வழக்கில் தோற்றாலும் மூன்று மகன்களும் அவர் வசமே இருந்தார்கள். சட்டம் அவர் பக்கம். பிள்ளைகளைப் பார்க்கவும் முடியாத தாய் துண்டுப் பிரசுரங்கள் எழுதத் தொடங்கினார். அவற்றில் ஒன்று பியர்ஸ் ஸ்டீவன்சன் என்ற ஆண் பெயரில் வந்தது. நாடாளுமன்றத்தில் மசோதாவைக் கொண்டுவந்தவர் வழக்கறிஞர் டால்ஃபோர்ட். டிக்கன்ஸ் தம் 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலைச் சமர்ப்பித்தது இவருக்குத்தான். 1838இல் பிரபுக்கள் சபையில் தோற்ற மசோதா மறு ஆண்டு சட்டமானது. ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தையைத் தன்னிடம் வைத்துக்கொள்ள, தாய் சான்சரி நீதிமன்றத்தில் மனுச்செய்யலாம். அவள் மீது கள்ள உறவு நிரூபிக்கப்பட்டிருக்கக் கூடாது. அவ்வளவுதான் 1839ஆம் ஆண்டுச் சட்டம். அதுவும் கரோலினுக்கு உதவவில்லை. பிள்ளைகள் இருந்தது ஸ்காட்லாந்தில். இங்கிலாந்து நீதிமன்றத்தின் அதிகாரம் அங்கே செல்லாது. கடைசி மகன் வில்லியம் 1842இல் குதிரையிலிருந்து விழுந்து இறந்துபோனான். தகவல் தெரிந்து தாய் போய்ச்சேர்ந்தபோது அவன் உயிரோடு இல்லை.

ஆன் பிராண்ட்டி தன் கதையை நிறுத்தியிருப்பது இந்தச் சட்டத்துக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னால். 1848இன் வாசகர்களுக்குக் கரோலின் நார்ட்டனின் கதை நன்றாகவே தெரியும். ஆகவே ஹெலனுக்கு எந்த வாசலும் இல்லை என்பதை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. விவாகரத்து வேண்டுமானால் அதற்கென்றே தனிச் சட்டமொன்று நாடாளுமன்றத்தில் நிறைவேற வேண்டும். 1857இல் விவாகரத்து நீதிமன்றம் வரும்வரை அப்படி வெற்றி பெற்ற பெண்கள் மொத்தம் நான்கே பேர். ஓடிப்போனவளைக் கணவன் பிடித்து வந்து வீட்டில் பூட்டிவைக்கலாமா? வைக்கலாம் என்று 1840இல் கோக்ரேன் வழக்கில் நீதிமன்றம் சொன்னது. அந்த நிலை மாற 1891 ஆயிற்று.

*

இவற்றைத் தெரிந்துகொண்டு மறுபடி மதில் காட்சிக்குப் போனால் அது வேறு காட்சியாக இருக்கிறது. முன்பின் தெரியாத ஓர் ஆண் தன் மகனைக் கையில் வைத்திருப்பதைக் காண்கிறாள் ஹெலன். அவள் கண்ணுக்கு அவன் உதவிக்கு வந்த பக்கத்துப் பண்ணைக்காரன் அல்லன்; கணவன் அனுப்பிய ஆள். அவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வண்டியேறிவிட்டால் தடுக்க ஊரில் ஒரு காவலர் வரமாட்டார். வந்தால் அவனுக்குத்தான் உதவுவார். அந்தக் கணத்து வெளிறலுக்கும் மூர்க்கத்துக்கும் இதைவிட விளக்கம் தேவையில்லை.

ஊர் அவளிடம் விசித்திரம் என்று கண்ட ஒவ்வொன்றும் இப்படியே அவிழ்கிறது. மகனைத் தனியே விட்டு எங்கும் போவதில்லை. கோயிலுக்குக்கூடத் தவறாமல் வருவதில்லை. கிரகாம் என்பது அவள் தாயின் பிறந்தவீட்டுப் பெயர். படங்களில் தன் பெயருக்குப் பதில் பொய்யான முதலெழுத்துகளை இடுகிறாள். வைல்ட்ஃபெல் மாளிகையை வரைந்துவிட்டு அதற்கு வேறோர் இடத்தின் பெயரை எழுதி லண்டனுக்கு அனுப்புகிறாள். கில்பர்ட்டுக்கு அது சிறிய நேர்மைக்குறைவாகத் தெரிகிறது. அந்தப் படங்களுக்குக் கிடைக்கும் காசும் சட்டப்படி ஹண்டிங்டனுக்கே சொந்தம். மணமான பெண் தன் உழைப்பின் ஊதியத்தைத் தனதென்று சொல்ல 1870ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டும். ஆக, தன் மகனையும் தன் சம்பாத்தியத்தையும் திருடிக்கொண்டு ஓடிவந்த பெண் அவள். களவாடிய பொருளை வைத்திருப்பவருக்கு எப்போதும் ஒரு கண் வாசலில் இருக்கும். அதைத்தான் நான் இறுக்கம் என்றும் பொத்திப்பொத்தி வளர்ப்பது என்றும் படித்திருந்தேன்.

ஹெலனின் முதல் பாதி இது. சட்டம் ஒரு மனுஷியின் நடையிலும் பேச்சிலும் இறங்கிக் குணம்போலத் தோற்றம் கொள்வதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய வேறொரு விக்டோரிய நாவலை நான் படித்ததில்லை. காரணத்தைச் சொல்வதற்கு முன்பே விளைவைக் காட்டி, ஊரோடு சேர்ந்து நம்மையும் அவளைத் தவறாக எடைபோட வைத்துவிட்டு, பிறகுதான் ஆன் நாட்குறிப்பைத் திறக்கிறார்.

*

ஆனால் ஒயின்? அதைச் சட்டம் விளக்காது.

மார்க்கம் வீட்டில் ஹெலன் சொன்ன கதை மூன்றாம் அத்தியாயத்தில் வருகிறது. மருந்துபோல ஒயின் கொடுத்தேன் என்பதே அங்கே அவள் சொன்னது. முழு உண்மை நாற்பத்தோராம் அத்தியாயத்தில், நாட்குறிப்பில் இருக்கிறது. கணவன் லண்டனுக்குப் போயிருந்த மாதங்களில், மகனுக்குப் பழகிப்போன மதுவை அவள் மறுக்கவில்லை, தாராளமாகக் கொடுத்தாள். அதில் டார்ட்டர் எமெடிக் என்ற குமட்டல் மருந்தைச் சிறிதளவு கலந்தாள். வாந்தி வராத, ஆனால் குமட்டலும் சோர்வும் நிச்சயமாக வருகிற அளவு. குழந்தை மதுவை வெறுக்கும்வரை அது தொடர்ந்தது. பின்னர் மருந்து கலக்காத ஒயினையும் உடல்நலம் குன்றிய வேளைகளில் கொடுத்தாள். சொன்னபடி கேட்காவிட்டால் ஒயின் தருவேன் என்று மிரட்டவும் பயன்படுத்தினாள். நோயும் மதுவும் அவன் மனத்தில் ஒன்றோடொன்று பிணைந்துவிட வேண்டும், வாழ்நாள் முழுக்க அந்தப் பிணைப்பு அறாதிருக்க வேண்டும் என்பது அவள் திட்டம். கருத்துகள் சேர்க்கையால் பிணைகின்றன என்று லாக்கும் ஹார்ட்லியும் பேசிய தத்துவத்தை ஒரு தாய் தன் பிள்ளையின் நாக்கில் பரிசோதிக்கிறாள்.

இது ஆனின் கற்பனையில் மட்டும் தோன்றிய வைத்தியம் அன்று. அமெரிக்க மருத்துவர் பெஞ்சமின் ரஷ் (1746–1813), குடிப்பழக்கமுள்ள ஒரு கறுப்பின மனிதருக்கு ரம்மில் இதே மருந்தைக் கலந்துவைத்து மதுவின் மேல் வெறுப்பு உண்டாக்கியதைப் பதிவுசெய்திருக்கிறார். டார்ட்டர் எமெடிக் அன்றைய வீட்டு மருந்துப் பெட்டிகளில் சாதாரணமாக இருந்தது. ஹாவர்த் பாதிரியார் இல்லத்திலும், ஆனின் தந்தை பாட்ரிக் பிராண்ட்டி, டாக்டர் கிரகாம் எழுதிய வீட்டு வைத்திய நூலொன்றின் ஓரங்களை நிறையக் குறிப்புகளால் நிரப்பி வைத்திருந்தார். ஹெலன் சூடிக்கொண்ட பெயரும் கிரகாம் என்பது தற்செயலாக இருக்கலாம்.

சாதாரணமான மருந்து என்றாலும் அது ஆன்டிமனி உப்பு. அளவு மீறினால் நஞ்சு. 1865இல் கிளாஸ்கோவில் மனைவியையும் மாமியாரையும் கொன்றதற்காகத் தூக்கிலிடப்பட்ட டாக்டர் பிரிச்சர்ட் பயன்படுத்தியது ஆன்டிமனிதான். 1876இல் லண்டனின் பாலம் பகுதியில் சார்லஸ் பிராவோ என்ற வழக்கறிஞர் இதே உப்பால் இறந்தார். கொலை என்று மரண விசாரணை முடிவுசெய்தது. கொன்றது யாரென்று இன்றுவரை நிரூபணமாகவில்லை. அவரது குடியைக் குறைக்க மனைவி கொடுத்துவந்த மருந்து அளவு மீறிப்போயிருக்கலாம் என்பது அந்த வழக்கைப் பற்றிய ஊகங்களில் ஒன்று. நாவல் வந்து இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு நடந்தது இது. ஹெலன் கையாண்டது எத்தகைய பொருள் என்பதை நினைவூட்டுவதற்காகச் சொல்கிறேன்.

மார்க்கம் வீட்டில் அவள் மருந்தைப் பற்றி வாய் திறக்கவில்லை என்பதை மறுபடியும் கவனிக்க வேண்டும். கணவனையும் பெயரையும் மறைத்ததற்குக் காரணம் உண்டு. இதை மறைத்ததற்கு என்ன காரணம்? சொன்னால் அந்த அறையில் சிரிப்பு நின்றிருக்கும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தான் செய்வது சரி என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. பிறர் பார்வையில் அது எப்படித் தோன்றும் என்பதிலும் சந்தேகமில்லை. இன்னொன்று: தகப்பனின் மேசையிலிருந்து பிள்ளையை மீட்டபிறகும், யாரும் அவனுக்கு மது தராத வைல்ட்ஃபெல் மாளிகையிலும், அந்தப் பழக்கத்தை நிறுத்திவிட்டதாக அவள் சொல்லவில்லை.

*

இதைப் புரிந்துகொள்ள நாவல் தரும் ஒரே வெளிச்சம், அதில் வரும் மற்றத் தாய்மார்கள்.

ஹண்டிங்டனின் தாய் கதைக்குள் வருவதேயில்லை. ஆனால் திருமணத்துக்கு முன்பே அவளைப் பற்றி ஹெலன் பேசுகிறாள். கருமியான தகப்பன், கணவனை ஏமாற்றியாவது மகன் கேட்டதையெல்லாம் கொடுத்த தாய். ஹண்டிங்டனின் குறைகளுக்கெல்லாம் வேர் அந்த வளர்ப்பே என்பது அவள் முடிவு. அந்தத் தாய் செய்ததை மனைவி அழித்துத் திருத்துவாள் என்ற பொருளில் சவால்போலவே சொல்கிறாள். பதினெட்டு வயதின் தன்னம்பிக்கை அது. ஆக, அவள் திருமணமே ஒரு தாயின் பிழையைத் திருத்தும் முயற்சியாகத்தான் தொடங்கியது.

இன்னொரு தாய் கில்பர்ட்டின் அம்மா. அன்பானவர், கலகலப்பானவர், ஊருக்கே பிடித்தவர். நல்ல தீனியெல்லாம் மகன்களுக்கு எடுத்து வைக்கச் சொல்கிறார். வீட்டில் தனக்கு ஒரு மதிப்புமில்லை என்று மகள் ரோஸ் முணுமுணுக்கிறாள். கணவனைத் திருப்திப்படுத்துவது மனைவியின் கடமை, திருப்திப்படுவது கணவனின் கடமை என்பது அவரது இல்லறக் கொள்கை. இப்படி வளர்க்கப்பட்ட கில்பர்ட் நல்லவன்தான். ஆனால் பொறாமை வந்த ஒருநாள், ஹெலனின் காதலன் என்று தான் தவறாக எண்ணிய லாரன்ஸை, உலோகப் பிடியுள்ள சவுக்கால் மண்டையில் அடித்துச் சாய்த்துவிட்டுச் சாலையோரம் விட்டுப் போகிறான். லாரன்ஸ் உண்மையில் அவளுடைய தம்பியா அண்ணனா என்றுகூட விசாரிக்கப் பொறுமையில்லாத கோபம். செல்லம் கொடுத்து வளர்த்த ஆண்பிள்ளையைப் பற்றி ஹெலன் அஞ்சியது வெறும் கற்பனை அல்ல என்பதை, அவளைக் கேலி செய்த வீட்டிலேயே, ஆன் எந்த விளக்கமும் இல்லாமல் காட்டிவிடுகிறார்.

ஆக, ஹெலன் அஞ்சுவது மதுவுக்கு அல்ல, செல்லத்துக்கு. ஒரு தாயின் அன்பே மகனைக் கெடுக்கக்கூடும் என்பதை அவள் கணவன் வடிவில் ஒவ்வொரு நாளும் பார்த்தவள். மனைவியாக அந்தத் தவறைத் திருத்தத் தோற்றவள், தாயாக அது மீண்டும் நிகழாமல் தடுக்கப் பார்க்கிறாள். அதற்கு அவள் கையிலிருந்த நேரம் எவ்வளவு? கணவன் லண்டனிலிருந்து திரும்பும்வரை, சில மாதங்கள். பிள்ளை எந்தக் கணத்திலும் பறிபோகலாம். பறிபோனாலும் பிள்ளையோடு கூடவே போகிற ஒரு காவலை அவன் உடம்புக்குள் வைத்து அனுப்ப அவள் நினைத்திருக்க வேண்டும். குமட்டலைத் தகப்பனால் பறிமுதல் செய்ய முடியாது. நான் யோசித்தவரை அவள் செயலுக்குத் தரமுடிந்த மிகக் கருணையான விளக்கம் இதுதான்.

ஆனால் விளக்கம் வேறு, விடுதலை வேறு. குழந்தையின் உடம்பைத் தங்கள் எண்ணத்தை எழுதும் பலகையாக்கினார்கள் தகப்பனும் கூட்டாளிகளும். அவர்கள் எழுதியதை அழிக்க, தாயும் அதே பலகையில் எழுதினாள். இருவருமே குழந்தையின் வாயருகே கொண்டுபோனது ஒரே கோப்பையைத்தான்.

*

நாவலின் கடைசிப் பகுதியில் ஹெலன் கணவனிடம் திரும்பிப் போகிறாள். குதிரையிலிருந்து விழுந்து, அதன்பின்னும் குடித்து, மரணப் படுக்கையில் கிடக்கிறான் அவன். திரும்பிச் சென்றதற்காக அவளைக் கடிந்துகொள்ளும் வாசகர்கள் இன்றும் உண்டு. அவர்கள் அடிக்கடி தாண்டிச் செல்லும் ஒரு சிறு நிகழ்ச்சி இருக்கிறது. மகனைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறான் ஹண்டிங்டன். மகனை முழுக்கத் தன் பொறுப்பில் விடுவதாக எழுதிக் கையெழுத்திட்டால்தான் அனுமதிப்பேன் என்கிறாள் ஹெலன். பணிப்பெண் ராக்கேலைச் சாட்சியாக வைத்துக் கையெழுத்தை வாங்குகிறாள். சாகக் கிடப்பவனிடம் பத்திரம் எழுதி வாங்கும் மனைவி! இரக்கத்தால் வந்தவள் இவ்வளவு கறாராக இருக்க முடியுமா?

வரலாறு இங்கே ஒரு கசப்பான உண்மையைச் சேர்க்கிறது. தகப்பன் தன் உரிமையைத் தாய்க்கு எழுதிக்கொடுப்பது பொதுக் கொள்கைக்கு விரோதமானது என்பதே அன்றைய நீதிமன்றங்களின் நிலைப்பாடு. பிரிவினைப் பத்திரத்தில் அப்படி ஒரு ஏற்பாடு இருப்பதாலேயே அது செல்லாததாகிவிடாது என்று சட்டம் சொன்னது 1873இல். தகப்பன் இறந்தாலும்கூட, அவன் உயில் எழுதி வேறொருவரைப் பாதுகாவலராக நியமித்துவிட முடியும். தாய்க்கு அந்த இடம் சட்டப்படி கிடைத்தது 1886இல். எனவே ஹெலன் அவ்வளவு கண்டிப்போடு வாங்கிய காகிதம் நீதிமன்றத்தில் நின்றிருக்காது. அவளிடம் இருந்தது ஒரு கையெழுத்து மட்டும். அதையே கோட்டைச்சுவராக நம்பி அவள் உள்ளே போகிறாள்.

இத்தகைய தாயை எழுதியவருக்குத் தன் தாய் நினைவில்லை. 1821 செப்டம்பரில் மரியா பிராண்ட்டி இறந்தபோது ஆனுக்கு இரண்டு வயதுகூட நிறையவில்லை, பெரியம்மாதான் வளர்த்தார். ஹெலனும் தன் பெற்றோரிடம் வளராமல் உறவினரிடம் வளர்ந்தவளே. பிறர் வீடுகளில் ஆசிரியையாக ஏறத்தாழ ஆறாண்டுக் காலம் இருந்த ஆன், செல்லம் ஒரு குழந்தையை என்ன செய்யும் என்பதை அருகிலிருந்து பார்த்திருந்தார். குடி என்ன செய்யும் என்பதற்கு வீட்டிலேயே அண்ணன் பிரான்வெல் இருந்தார். 1840இல் கீத்லி ஊரின் உதவிப் பாதிரியாருடைய மனைவி, கணவனின் குடியையும் கொடுமையையும் சொல்லிப் பாட்ரிக் பிராண்ட்டியிடம் யோசனை கேட்டு வந்தபோது, பிள்ளைகளோடு அவனைவிட்டுப் போய்விடும்படி அந்தப் பாதிரியார் சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்தில் ஒரு மதகுரு வாயிலிருந்து வரக்கூடிய யோசனை அல்ல அது. 1847இல் அந்தப் பெண்மணி மீண்டும் ஹாவர்த்துக்கு வந்தார். தன்னையும் பிள்ளைகளையும் கரையேற்றிக்கொண்டவராக. ஆன் அந்த நாவலோடு ஈடுபட்டிருந்த காலம் அது.

நாவல் வெளிவந்த மறு ஆண்டு மே மாதம், இருபத்தொன்பது வயதில், ஆன் இறந்துபோனார். அந்த நாவலின் கருப்பொருளைத் தேர்ந்ததே தவறு என்று கருதிய அக்கா ஷார்லட், 1850இல் அதை மறுபதிப்புச் செய்ய விரும்பவில்லை. தங்கையின் பெயரைக் காக்கும் எண்ணமாக இருக்கலாம். காக்கும் எண்ணத்தோடு செய்யப்படுபவை எப்படியெல்லாம் முடியும் என்பதைத்தான் அந்த நாவல் பேசியது.

கடைசியாக ஒன்று. சிறுவன் ஆர்தர் என்னவானான்? 1847இல் மைத்துனனுக்கு எழுதும் கடிதத்தின் முடிவில் கில்பர்ட் சொல்கிறான்: அவன் நல்ல இளைஞனாக வளர்ந்தான், தாயின் தோழி மிலிசென்ட்டின் மகளை மணந்து நலமாக இருக்கிறான் என்று. ஹெலனின் முறை வென்றுவிட்டது என்று இதைக் கொள்ளலாம். ஆனால் சொல்வது மாற்றாந்தந்தை. ஹெலனின் மேல் தீராத காதல் கொண்டவன். வளர்ந்த ஆர்தர் நாவலில் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. தாயின் நாட்குறிப்பு அவன் கைக்கு எப்போதாவது வந்ததா, நாற்பத்தோராம் அத்தியாயத்தில் நாம் படித்ததை அவனும் படித்தானா என்று ஆன் சொல்லவில்லை. படித்திருந்தால் அவன் தாயை மன்னித்திருப்பான் என்றே நினைக்கிறேன். மன்னிக்க ஏதோ ஒன்று இருந்தது என்பதையும் அவன் அறிந்திருப்பான்.